பனிக்காலத்துக்கு வாருங்கள்: தோட்டத்தில் வீடு கட்டும் பிள்ளைகளுக்கு

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் நிற்கிறவர்கள், கட்டுநாயக்காவில் தையல் மெஷினில் குனிந்திருக்கிறவர்கள், கட்டாரிலும் டுபாயிலும் குவைத்திலும் உழைத்து மாதா மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள், எல்லாருக்குமாகச் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடமொன்றில் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். இன்னும் தோட்டத்திலேயேதான் இருக்கிறேன். உங்கள் அம்மா அப்பாவை, அப்பாயி அம்மாயியைத் தினமும் பார்க்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு வந்துவிட்டுப் போனீர்கள். வருஷா வருஷம் அதற்குத்தான் எல்லாரும் வருகிறீர்கள். ஐப்பசி மாதம் இங்கே மழைக்காலம். லயத்து வாசல் முழுக்கச் சேறு. தோய்த்த உடுப்பு காயாமல் அடுப்புக்கு மேலே கொடியில் புகை குடித்துக்கொண்டு தொங்கும். பட்டாசு கொளுத்தக்கூட மழை விடுகிற நேரம் பார்த்து இஸ்தோப்பில் காத்து நிற்க வேண்டும். நாலு நாள் அப்படி இருந்துவிட்டு, பஸ் ஏறும்போது "எப்படித்தான் இந்தக் குளிருக்குள்ள இருக்கிறீங்களோ" என்று சொல்லிவிட்டுப் போகிறீர்கள். பரிவோடுதான் சொல்கிறீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளைகளே, நீங்கள் பார்த்துவிட்டுப் போனது மழை. நம்முடைய பனிக்காலத்தை நீங்கள் பார்த்துப் பல வருஷமாகிவிட்டது. அது தை மாசியில் வருகிறது. அதற்காக நான் ஒவ்வொரு வருஷமும் காத்திருக்கிறேன், மனசாரக் காத்திருக்கிறேன்.

இந்த மலையில் குளிர் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று ஈரக்குளிர். வைகாசி கடைசியில் தென்மேற்குக் காற்று ஏறினால் மஸ்கெலியா, நோர்வூட், ஹட்டன் பக்கம் மாதக்கணக்கில் மழையும் மூட்டமும்தான். வெப்பமானியில் பார்த்தால் பெரிய குளிராகத் தெரியாது. ஆனால் படங்கு நனைந்து, அதற்குள் சேலை நனைந்து, கால் நகத்துக்குள் தண்ணீர் நின்று, அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்காமல் ஓடும். அந்தக் குளிரை யாரும் எதிர்பார்த்திருப்பதில்லை. நானும் இல்லை. மற்றது வறண்ட குளிர். தை பிறந்தால் மழை ஓய்ந்து, மூட்டம் விலகி, வானம் நீலமாகத் திறந்துகொள்ளும். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். இரவில் நட்சத்திரம் ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணக்கூடிய மாதிரி நிற்கும். அந்த இரவுகளில்தான் உறைபனி விழும்.

ஏன் விழுகிறது என்று வகுப்பில் சொல்லித் தந்திருப்பேன். மறந்திருந்தால் இன்னொரு தடவை சொல்கிறேன். பகலில் வாங்கிய சூட்டை நிலம் இரவு முழுக்க வானத்துக்குத் திருப்பி விடுகிறது. மேகம் இருந்தால் அதில் ஒரு பங்கு நிலத்துக்கே திரும்பி வரும். மேகமும் இல்லை, காற்றும் இல்லையென்றால் சூடு போனது போனதுதான். நிலத்தோடு ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் மேட்டு லயத்தில் வெறும் பனியாக இருக்கும்போது ஆற்றோரப் புல்வெளி வெள்ளையாக விறைத்துக் கிடக்கும். வானிலை அவதான நிலையத்துக் கருவி ஆளின் நெஞ்சளவு உயரத்தில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. அது 3 அல்லது 4 பாகை காட்டும் விடியலில் புல்லின் நுனி உறைநிலையைத் தொட்டிருக்கும். 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியா, அதைவிட உயரமான ஹோர்ட்டன் சமவெளி, அம்பேவெல, பட்டிப்பொல, நம்முடைய அக்கரப்பத்தனைப் பள்ளங்கள், கந்தப்பளையின் தோட்டங்கள் எல்லாம் சில விடியல்களில் வெள்ளை பூசி எழும். நில நடுக்கோட்டுக்கு 7 பாகை வடக்கே இருக்கிற ஒரு தீவில் இது நடக்கிறது. கொழும்பிலிருந்து வான் பிடித்து வந்து இதைப் படம் எடுத்துப் போகிறார்கள். நீங்கள் அந்தப் படத்தை போனில் பார்த்து "எங்க ஊர்" என்று பகிர்கிறீர்கள். உங்கள் ஊர்தான். அதனால்தான் வந்து பாருங்கள் என்கிறேன்.

பீலிக்கரை ஞாபகம் இருக்கிறதா? அப்படிப்பட்ட விடியலில் குடத்தோடு போனால் பீலியிலிருந்து விழும் தண்ணீரில் ஆவி எழும். மலைக்குள்ளிருந்து வரும் ஊற்று நீர், வெளிக்காற்று குளிர்கிற வேகத்தில் குளிராது. கையை நீட்டினால் இதமாக இருக்கும். காற்றில் விரல் மரத்துப்போயிருக்க, தண்ணீரில் சூடு பிடிக்கும். பக்கத்தில் வல்லாரைத் தழையின் ஓரம் மட்டும் சர்க்கரை தொட்டு வைத்ததுபோல வெள்ளைப் பொடி கட்டியிருக்கும். வெயில் எதிர்மலையில் இறங்கி, கீழ்நோக்கி வந்து, கோயில் கூரையைத் தொட்டு, பிறகு பீலியைத் தொடும். தொட்ட கணத்தில் அந்த வெள்ளை காணாமல் போய் இலை பச்சையாக, நனைந்து நிற்கும். சின்னப் பிள்ளைகள் புல்லில் கிடக்கும் பனியை வழித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெயில் வரும்வரை ஓடுவார்கள். நீங்களும் ஓடியவர்கள்தான்.

இந்த மாதங்களில் நடக்கிற மற்றக் காரியங்களை யோசித்துப் பாருங்கள். மார்கழி முழுக்க விடியற்காலையில் பஜனைக் கோஷ்டி லயம் லயமாகப் போகும். இருட்டில் மிருதங்கச் சத்தம் கேட்டு எழும்பி, கம்பளியைத் தலையோடு போர்த்துக்கொண்டு இஸ்தோப்புக்கு வந்து நிற்போம். தைப்பொங்கலன்று சூரியன் மலைக்கு மேலே ஏறும்வரை அடுப்பைச் சுற்றி நிற்பதில் யாருக்கும் சலிப்பு வராது. மாசி வளர்பிறையில் காமன் ஊன்றுவார்கள். பௌர்ணமியை ஒட்டித் தகனம் முடியும்வரை ராத்திரி ராத்திரியாக ரதி மன்மதன் ஆட்டம். பனியில் தப்பின் தோல் தளர்ந்து மந்தமாகிவிடும். கவ்வாத்தில் வெட்டிய மிலாறைக் குவித்துக் கொளுத்தி, தப்பைத் தீயில் காட்டிக் காட்டிச் சூடேற்றி, விரலால் தட்டிப் பார்த்து, சத்தம் கணீரென்று எழும்பியதும் அடிக்கத் தொடங்குவார்கள். அந்தத் தீயைச் சுற்றித்தான் ஊரே உட்கார்ந்திருக்கும். காமன் கூத்து இந்த மலையில் இவ்வளவு காலம் உயிரோடு இருப்பதற்கு அந்தத் தீயும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். வெயில் தேசத்தில் கூத்துக்கு ஆளைக் கூட்ட வேண்டும். இங்கே குளிரே ஆளைத் தீப்பக்கம் கூட்டிக்கொண்டு வந்துவிடும்.

மஸ்கெலியாப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சிவனொளிபாதமலைக் காலம் வேறு. டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை, 2,243 மீட்டர் உயரத்துக்கு ராத்திரியில் விளக்கு வரிசை ஏறும். மூட்டமில்லாத தை மாசியில் அதை வெகு தூரத்திலிருந்தே பார்க்கலாம். நல்லதண்ணி வழியாகப் போகும் யாத்திரைக்காரர்களால் நம் ஆட்களில் பலருக்கு அந்த மாதங்களில் கடை, வாகனம், கூலி என்று இரண்டு காசும் கிடைக்கிறது. மழை பொய்த்து மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் வற்றும் வருஷங்களில், 1969இல் தண்ணீருக்குள் போன பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயில் சுவர்கள் வெளியே வந்து நிற்பதும் இந்த வறண்ட மாதங்களில்தான்.

சாப்பாட்டையும் விடக்கூடாது. குளிர் பட்ட கரட்டும் கோவாவும் லீக்ஸும் இனிக்கும். குளிரைத் தாங்குவதற்காகச் செடி தன்னிடமுள்ள மாப்பொருளைச் சர்க்கரையாக்கிக்கொள்கிறது. தை மாசத்துக் கரட்டை மண்ணைத் துடைத்துவிட்டு அப்படியே கடித்தால் தெரியும். தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் இஞ்சி தட்டிய பிளேன்டீயும் எல்லா மாதமும் கிடைக்கும், ஆனால் அவை ருசிக்கிற மாதம் இதுதான்.

தேயிலைக்கும் இதுதான் நல்ல காலம். டிக்கோயா, பொகவந்தலாவை, தலவாக்கலை, லிந்துலை என்று மேற்குச் சரிவுத் தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை தரம் உச்சத்தில் இருக்கும். குளிர்ந்த இரவும் வறண்ட காற்றும் சேர்ந்து கொழுந்தின் வளர்ச்சியைத் தடுத்துப் பிடிக்க, வாசனை அந்தச் சின்ன இலைக்குள் அடர்ந்து தேங்குகிறது. 1883இலிருந்து நடந்துவரும் கொழும்பு தேயிலை ஏலத்தில் வாங்க வருகிறவர்கள் இந்தத் தேயிலைக்குத் தனி மரியாதை வைத்திருக்கிறார்கள். உலகம் சிலோன் டீ என்று மெச்சிக் குடிக்கிற ருசியில் பாதி நம்முடைய குளிர் தந்தது.

ஆனால் இங்கேதான் மனம் கசக்கிறது. தரம் ஏறுகிற அதே மாதங்களில் கொழுந்து குறைகிறது. பனி பட்ட மலையில் தளிர் கருகி, காப்பிப்பொடி நிறத்தில் உதிரும். மோசமாகப் பட்ட செடியைக் கவ்வாத்துப் பண்ணித்தான் மீட்க வேண்டும். வெயில் ஏறும்வரை இடுப்பளவு ஈரத்தில் நின்று பறித்தும் நிறுவைக்கு எடை வராமல், முழுநாள் சம்பளமான முழுப்பேர் விழுமா, பாதிச் சம்பளமான அரைப்பேர் விழுமா என்ற பயத்தோடு உங்கள் அம்மாமார் தராசைப் பார்த்து நிற்பார்கள். குளிர் தேயிலைக்குக் கொடுக்கிற மதிப்பு, அந்தக் குளிரில் நின்று பறிக்கிறவளின் கைக்கு வருவதில்லை. பனிக்காலத்தை நான் விரும்புகிறேன் என்று சொல்லும்போது இதை மறைத்துக்கொண்டு சொல்லவில்லை. தரம் கூடிய மாதத்தில் பேர்க்கணக்கின் கிலோ குறைய வேண்டும் என்பதைத் தொழிற்சங்கக் கூட்டங்களில் நீங்களும் கேளுங்கள். நியாயமான கேள்வி அது.

குளிரைக் கொண்டாடுவது இங்கே எப்போதும் வேறு யாருக்கோ உரியதாகவே இருந்திருக்கிறது. 1820களின் இறுதியில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் நுவரெலியாவை வெள்ளைக்காரப் படையினரும் அதிகாரிகளும் உடம்பு தேறுகிற இடமாக ஆக்கினார். சமவெளிக் காய்ச்சலிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு இந்தக் குளிர் மருந்து. 1876இல் தொடங்கிய ஹில் கிளப்பில் இன்றைக்கும் மாலையானால் விறகுக் கணப்பு எரியும், படுக்கைக்குள் சுடுதண்ணீர்ப் பை வைத்துத் தருவார்கள். துரை பங்களாக்களைப் பாருங்கள். அறைக்கு அறை கணப்பு, புகைபோக்கி, பலகைத் தரை, கூரைக்குக் கீழே மரச் சீலிங், வெயில் வரும் பக்கம் கண்ணாடி ஜன்னல். குளிரில் எப்படி வீடு கட்ட வேண்டும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதே மலையில், கூப்பிடு தூரத்தில், அதே ஆட்கள் கட்டிய லயத்தில் ஒரு குடும்பத்துக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. சீலிங் இல்லை, புகைபோக்கி இல்லை, முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமென்றால் பின்பக்கம் ஜன்னலும் இல்லை. புதுக்கோட்டை, திருச்சி, இராமநாதபுரம், சேலம் என்று வெயில் சீமையிலிருந்து மெல்லிய துணியோடு வந்தவர்களுக்குக் கம்பளி கொடுத்தார்கள். அதன் விலையையும் கூலியில் பிடித்துக்கொண்டார்கள்.

ஆகவே நம் ஆட்கள் குளிரைப் பற்றிப் பேசினால் அது புலம்பலாகத்தான் இருக்கும் என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள். நாமும் அப்படியே பேசப் பழகிவிட்டோம். உண்மை அது மட்டும் இல்லை. சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 1964க்குப் பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் பலர் நீலகிரிக்குப் போனார்கள். அவர்களுக்காகவே தமிழ்நாடு அரசு 1968இல் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது, அதுதான் இன்றைய டான்டீ. கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கங்களில் நம் ஆட்கள் வேர் பிடித்ததற்கு வேலை முதல் காரணம், சந்தேகமில்லை. அங்கே போன என் சொந்தக்காரர்கள் எழுதிய கடிதங்களில் ஒவ்வொரு மார்கழியிலும் அங்கே விழுந்த பனியைப் பற்றி ஒரு வரி இருக்கும். இங்கே விழுந்துவிட்டதா என்று ஒரு கேள்வியும் இருக்கும். வீட்டையும் பிரஜாவுரிமையையும் பிடுங்கி அனுப்பப்பட்டவர்கள் பனியை விசாரித்து எழுதினார்கள். நாம் குளிர் மலையின் ஆட்களாகி நாளாகிவிட்டது. அதை நாமே வாய் திறந்து சொல்ல வேண்டும்.

குளிரை விரும்பி வாழ்கிற ஆட்கள் வேறு இடங்களிலும் இருக்கிறார்கள். நோர்வேயின் வடக்கே திரொம்சோ என்று ஒரு நகரம் இருக்கிறது. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் உதிப்பதே இல்லை. அமெரிக்காவிலிருந்து போன காரி லீபோவிட்ஸ் என்ற உளவியலாளர், இத்தனை இருட்டில் இந்த மக்கள் ஏன் சோர்ந்துபோவதில்லை என்று ஆராய்ந்தார். அவர் கண்டது: அவர்கள் குளிர்காலத்தைச் சகித்துக்கொள்வதில்லை, எதிர்பார்க்கிறார்கள். வடக்கே போகப் போக அந்த எதிர்பார்ப்பு கூடுகிறது. நல்ல செய்திதான். ஆனால் அதைப் படித்தவுடன் எனக்குத் தோன்றியது வேறு. அந்த மனம் ஒரு வெதுவெதுப்பான வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஈரச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு யாராலும் பனியை ரசிக்க முடியாது.

இதைவிட நமக்கு நெருக்கமான உதாரணம் காஷ்மீர். அங்கே டிசம்பர் 21இலிருந்து 40 நாளை சில்லை கலான் என்று பெயர் வைத்தே அழைக்கிறார்கள். கடும் குளிரின் நாட்கள். அதற்கு முன்னாலேயே சுரைக்காய், கத்தரிக்காய், தக்காளியை நறுக்கிக் காய வைத்துச் சேர்த்து, நீளமான கம்பளி அங்கியைத் தைத்து, அதற்குள்ளே பிடித்துக்கொள்ளக் கரிச்சட்டியைத் தயார்படுத்திவிடுவார்கள். பணக்காரத் தேசமில்லை அது, வசதியும் குறைவு. ஆனாலும் குளிர்காலம் அவர்களிடம் சொல்லாமல் வந்து நிற்பதில்லை. நாம் தீபாவளிக்குத் தயாராகிற அளவில் பாதியாவது தை மாசப் பனிக்குத் தயாராகிறோமா?

இப்போது காரியத்துக்கு வருகிறேன். நீங்கள் வீடு கட்டுகிறீர்கள். லயம் இடிந்து தனி வீடு வருகிற காலம் இது. ஏழு பேர்ச் காணி, அதில் 550 சதுர அடி வீடு என்று இந்திய வீடமைப்புத் திட்டத்திலும் வேறு திட்டங்களிலும் வீடுகள் எழுந்திருக்கின்றன. 2017 மே மாதம் நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அவற்றில் கிடைத்தவர்கள் இருக்கிறார்கள், கிடைக்காமல் உங்கள் சம்பளத்திலேயே லயத்தை ஒட்டி அறை இறக்குகிறவர்கள் அதைவிட அதிகம். இருநூறு வருஷத்தில் முதல் தடவையாக, நம் வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதில் நாமே கொஞ்சமாவது முடிவெடுக்கிறோம். அந்த முடிவைக் கொழும்பு வீட்டைப் பார்த்து எடுக்காதீர்கள் என்பதுதான் என் மன்றாட்டம்.

கொழும்பு வீடு சூட்டை வெளியே தள்ளுவதற்காகக் கட்டப்பட்டது. நமக்கு அதற்கு நேர்மாறு. நம் புது வீடுகளில் பலவற்றில் நான் பார்ப்பது இதுதான்: தகரம் அல்லது ஷீட் கூரை, கீழே சீலிங் இல்லை. பனி இரவில் அந்தக் கூரையும் வானத்துக்குச் சூட்டைக் கொட்டிவிட்டு வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துபோகும். உள்ளே படுத்திருக்கிறவர்களின் மூச்சும் சோற்றுப் பானையின் ஆவியும் மேலே போய், அதில் பட்டு நீராகி, விடியப்புறம் சொட்டும். மழையே பெய்யாத மாதத்தில் உங்கள் அம்மாயியின் போர்வை நனைந்திருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கூரை ஒழுகுகிறது என்று உங்களுக்கு போன் பண்ணுவார்கள். நீங்கள் ஷீட்டுக்குப் பணம் அனுப்புவீர்கள். புது ஷீட் போட்டாலும் அடுத்த தையில் அதே சொட்டு. கூரையில் ஓட்டை இல்லை பிள்ளைகளே, கூரைக்குக் கீழே சீலிங் இல்லை. இடைவெளி விட்டு ஒரு சீலிங் அடித்து, அதற்கு மேலே காற்று ஓட வழி வைத்தால் அறையின் சூடு அறைக்குள்ளேயே நிற்கும், சொட்டும் பெருமளவு நிற்கும். கேட்டுக்கும் முன்வாசல் தூணுக்கும் ஒதுக்குகிற பணத்தை முதலில் இதற்கு எடுத்து வையுங்கள்.

அடுத்தது டைல்ஸ். வீட்டுக்கு டைல்ஸ் போட்டுவிட்டோம் என்பதில் உங்களுக்கு இருக்கும் பெருமை எனக்குப் புரிகிறது. சாணி மெழுகிய தரையில் வளர்ந்தவர்கள் அந்தப் பளபளப்பை ஆசைப்படுவதில் ஒரு குறையும் இல்லை. ஹாலில் போடுங்கள். ஆனால் வயதானவர்கள் படுக்கிற அறையில் வேண்டாம். தை மாச விடியலில் அந்தத் தரையில் வெறுங்காலை வைக்க முடியாமல், கட்டிலிலிருந்து இறங்கத் தயங்கிக் கழிவறைக்குப் போவதையே தள்ளிப்போடுகிற கிழவிகளை எனக்குத் தெரியும். சிமெந்துத் தரையில் தடித்த விரிப்பு, முடிந்தால் பலகை. கழிவறையை வீட்டோடு சேர்த்துக் கட்டுங்கள். பனியில் முற்றம் தாண்டிப் போகிற பாதை வழுக்கும்.

மூன்றாவது அடுப்பு. கேஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு விறகடுப்பை இடித்துவிடச் சொல்கிறீர்கள். வேண்டாம். கவ்வாத்து மிலாறு இருக்கிற மலையில் விறகடுப்பு நம்முடைய சொத்து, அந்த வீட்டின் ஒரே கணப்பும் அதுதான். இடிக்க வேண்டியது அடுப்பை அல்ல, புகையை. நல்ல உயரத்துக்கு ஒரு புகைபோக்கி கட்டுங்கள். லயத்துப் பெண்களின் இருமலும் கண் எரிச்சலும் பாதி அந்தப் புகையால் வந்தவை. அடுப்பு இருக்கும் சுவருக்கு மறுபக்கத்தில் பெரியவர்களின் படுக்கையை வைத்தால் சுவரே அவர்களுக்கு இதமாக இருக்கும். ஒன்றை மட்டும் கட்டாயம் கேளுங்கள்: கதவு ஜன்னலை அடைத்த அறைக்குள் கரிச்சட்டியை வைத்துக்கொண்டு யாரையும் தூங்க விடாதீர்கள். எரியும் கரியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

ஜன்னல் கிழக்கே இருக்கட்டும். காலை வெயில் உள்ளே வந்தால் சுவர் காயும், பூஞ்சை பிடிக்காது. ஜன்னலுக்கு மேலே கொழும்பு வீட்டைப் போல நிரந்தரமாகத் திறந்திருக்கும் காற்றுத் துவாரங்களை வைக்கிறார்கள். பிறகு எல்லா வீட்டிலும் அதைப் பொலித்தீனாலும் சிமெந்துப் பையாலும் அடைத்து வைக்கிறார்கள். பகலில் திறந்து இரவில் மூடக்கூடியதாக வைத்தால் அந்தப் பொலித்தீன் தேவையில்லை.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிலம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலை எப்படிச் சரிந்தது என்று எல்லாரும் பார்த்தோம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் ஒரு கல்லும் வைக்காதீர்கள். பள்ளத்து ஓரம் தட்டையாக இருக்கிறது என்று ஆசைப்படவும் வேண்டாம். மழையில் தண்ணீர் வரும் வழியும் அதுதான், பனிக்காலத்தில் குளிர் தேங்கும் இடமும் அதுதான். பழைய ஆட்களைக் கேட்டால் எந்த மேட்டில் பனி குறைவாக விழும் என்று கை காட்டுவார்கள். எந்த அலுவலகத்திலும் கிடைக்காத தகவல் அது.

இந்த வருஷம் லீவைப் பிரித்து எடுங்கள். தீபாவளிக்கு ஒரு நாள் போதும். மிச்சத்தைத் தை கடைசிக்கோ மாசிக்கோ வைத்துக்கொண்டு, உங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். காது மூடும் தொப்பியும் நல்ல காலுறையும் கொண்டு வாருங்கள், வீட்டுப் பெரியவர்களுக்கும் சேர்த்து. விடிய முன் எழும்பி அவர்கள் படுத்திருக்கும் அறையில் நின்று பாருங்கள். கூரை சொட்டுகிறதா, தரை எப்படி இருக்கிறது, புகை எங்கே போகிறது என்று நீங்களே பார்த்துக்கொண்டு, அதற்குப் பிறகு மேசனிடம் பேசுங்கள். வேலை முடிந்த வீட்டில் அடுத்த பனிக்காலத்தை உங்கள் அம்மாயி எதிர்பார்த்திருக்கட்டும்.

அன்புடன்,
அக்கரப்பத்தனைப் பக்கத்திலிருந்து
உங்கள் பழைய டீச்சர்